மறதி நோய் கண்ட ஆச்சி, தாத்தா: பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். என் தாய்க்கு மறதி நோய் தொடங்கியபோது என் மகள் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் மறைந்தபோது அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பள்ளியில் இது பலருக்கும் தெரியும் என்பதால், வீட்டில் இதே நிலையில் ஓர் ஆச்சியோ தாத்தாவோ இருக்கும் மாணவர்கள் வகுப்பு முடிந்த பின் தயங்கித் தயங்கி வந்து நிற்பார்கள். ஊர் வேறானாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொன்ன பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். நான் மருத்துவரல்லன், மருந்தின் பெயரையும் அளவையும் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

"வயசானா மறக்கத்தானே செய்யும்? எங்க ஆச்சிக்கு வந்திருக்கிறது நோய்னு எப்படிச் சொல்ல?"

மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும், கல்யாண வீட்டில் பார்த்தவரின் பெயர் தொண்டை வரை வந்து நின்றுகொள்வதும் வயதின் இயல்பு. சற்று நேரம் கழித்துத் தானாகவே நினைவுக்கு வந்துவிடும். ஆனால் நாற்பது ஆண்டுகளாகச் சொதி வைத்தவர் தேங்காய்ப் பாலைப் பிழிந்து வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று திகைத்து நின்றால், பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தெரியாமல் நின்றால், கடையில் வாங்கிய மீதிச் சில்லறையை எண்ணத் தெரியாமல் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், அவையெல்லாம் மாதத்துக்கு மாதம் கூடியும் வந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. உங்கள் வகுப்பிலேயே இன்னும் இரண்டு மூன்று பேர் வீட்டில் இது இருக்கக்கூடும். அவர்களும் வெளியே சொல்லாமல் இருப்பார்கள்.

"டிமென்ஷியா, அல்சைமர் ரெண்டும் ஒண்ணா?"

டிமென்ஷியா என்பது காய்ச்சல் என்பதுபோல ஒரு பொதுப்பெயர். அதற்குக் காரணமான நோய்கள் பல. அவற்றில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர். 1906இல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை முதன்முதலில் எடுத்துரைத்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது இன்னொரு வகை. நெடுநாள் கட்டுப்படாத இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் அதற்கு வழி வகுக்கும். லூயி பாடி என்ற வகையில், இல்லாத ஆட்களும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரிவதுண்டு. நெற்றிப்புற மூளையைத் தாக்கும் வகையில் நினைவுக்கு முன்பாகக் குணம் மாறிவிடும். சாந்தமான தாத்தா கடைவீதியில் ஒருவரைத் திட்டுவார்.

பேரப்பிள்ளைக்கு இந்த விவரம் எதற்கு என்றால், தோழியின் ஆச்சி சிரித்துக்கொண்டே இருக்கிறார், நம் ஆச்சி மட்டும் ஏன் இப்படி என்று ஒப்பிட்டு வருந்தாமல் இருப்பதற்குத்தான்.

"மருந்தே கிடையாதுன்னு சொல்லுதாங்க. அப்போ ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போக?"

முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பது உண்மை. டோனெபெசில், மெமான்டின் போன்றவை சிலருக்குச் சிறிது காலம் அறிகுறிகளைத் தணித்து வைக்கும். ஆனால் மறதியாகத் தோன்றும் எல்லாமே டிமென்ஷியா ஆகிவிடாது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் கட்டிய இரத்தம் ஆகியவையும் இதே வேடத்தில் வரும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன.

இன்னொன்றை நீங்களே கவனிக்கலாம். நேற்று வரை ஓரளவு நன்றாக இருந்தவர் ஒன்றிரண்டு நாளில் திடீரெனக் குழம்பிப் பிதற்றினாலோ, விழிக்காமல் மயங்கிக் கிடந்தாலோ, நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், சோடியம் குறைதல், புதிதாக வாங்கிய சளி மாத்திரை அல்லது தூக்க மாத்திரை ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அருகில் உட்காரும் பேத்திதான் இந்த மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தாள் என்பதை நான் இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

"காலையில தின்ன இட்லி மறந்துபோச்சு. பழைய கதை மட்டும் அச்சுப் பிசகாம சொல்லுதாங்க. நடிக்காங்களோ?"

நடிக்கவில்லை. புதிதாக நடப்பதை மூளைக்குள் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதியைத்தான் அல்சைமர் நோய் முதலில் அரிக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பே பதிந்து, திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட நினைவுகள் மூளையின் பிற பகுதிகளில் பரவி வேரூன்றிவிட்டதால் அவை பின்னால்தான் அழியும்.

சேரன்மகாதேவிப் பக்கத்து மாணவன் ஒருவனின் ஆச்சி, 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் எந்த வீட்டுத் திண்ணை வரை ஏறியது, யார் வீட்டு மாடு போயிற்று என்பது வரை சொல்வார். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அவரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிச் சென்றவன் அந்தப் பேரன்தான். அது அவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் நினைவில் தங்கவில்லை. அவனுக்கு வருத்தம் இருந்தது. இருக்கத்தான் செய்யும்.

"என் பேரையே மறந்துட்டாங்க. எங்க அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுதாங்க. என்னை அவங்களுக்குத் தெரியலையா?"

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்கும்போதே குரல் உடைந்துவிடும்.

மேலே சொன்ன ஒழுங்கை இதோடு பொருத்திப் பாருங்கள். உங்கள் ஆச்சியின் நினைவு நிற்கும் காலத்தில் உங்களுக்குப் பதினைந்து வயது ஆகவில்லை. நீங்கள் பிறக்கவே இல்லை. ஆனால் உங்கள் முகச்சாடையில், உங்கள் நடையில், அரும்பு மீசையோடு அவர் வீட்டில் ஒரு பையன் இருந்தான். அவன் உங்கள் அப்பா. ஆகவே அவர் உங்களைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லும்போது, முன்பின் தெரியாத ஒருவரை அழைக்கவில்லை. தம் வயிற்றில் பிறந்த பிள்ளையின் பெயரை உங்களுக்குச் சூட்டுகிறார். பெயர்தான் இடம் மாறியிருக்கிறது. என் மகளை என் தாய், சிறு வயதிலேயே இறந்துபோன என் தங்கையின் பெயரால் அழைத்தார். முதல் மாதம் அவள் ஒவ்வொரு முறையும் திருத்தினாள், பிறகு "என்ன, ஆச்சி?" என்று திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் எந்தப் பெயரும் வராமல் போகும், "யாருளா நீ?" என்று கேட்பார். அப்போது "உங்க பேத்தி ஆச்சி, பள்ளிக்கூடத்துலேர்ந்து வாரேன்" என்று சிரித்த முகத்தோடு ஒரு வரியில் சொல்லி, உடனே கையைப் பிடித்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அறைக்குள் நுழையும்போதே இதைச் சொல்லிக்கொண்டு நுழைந்தால் அவர் கேட்டுத் தவிக்க வேண்டிய நிலையும் வராது.

"தினமும் 'நான் யாரு சொல்லுங்க'ன்னு கேட்டுப் பழக்கினா ஞாபகம் திரும்பி வருமா?"

வராது. வீட்டுக்கு வரும் உறவினர் அத்தனை பேரும் செய்யும் காரியம் இது: அத்தை, மாமா, சித்தப்பா என்று வரிசையாகக் கட்டிலருகே நின்று "என்னைத் தெரியுதா?" என்று கேட்பார்கள். கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் படித்தது ஒன்றும் நினைவுக்கு வராமல் வேர்த்துக் கொட்டும் அனுபவம் பத்தாம் வகுப்பில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்ததே. அவருக்கு அந்தத் தேர்வை ஒரு நாளில் பத்துப் பேர் வைக்கிறார்கள்.

உறவினரைத் தடுப்பது பெரியவர்களின் வேலை என்றாலும், நீங்கள் முந்திக்கொண்டு "ஆச்சி, களக்காட்டு அத்தை வந்திருக்காங்க" என்று அறிவித்துவிடலாம். பாதித் தேர்வு ரத்தாகிவிடும்.

"ஒரே கேள்வியை இருபது தடவை கேக்குதாங்க. எத்தனை தடவைதான் பதில் சொல்ல?"

நீங்கள் சொன்ன பதில் பதியவில்லை என்பதால் அவர் ஒவ்வொரு முறையும் முதல் முறையாகத்தான் கேட்கிறார். "இப்பத்தானே சொன்னேன்" என்ற சொல்லால் அவர் தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக உணர்வாரே தவிர, கேள்வி நிற்காது. "அப்பா வந்தாச்சா?" என்ற கேள்விக்குள் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும், "எல்லாரும் வந்தாச்சு, கதவு பூட்டியாச்சு" என்று பயத்துக்குப் பதில் சொன்னால் இடைவெளி சற்று நீளும். எழுதப் படிக்கத் தெரிந்தவரானால் ஒரு சிலேட்டில் பெரிய எழுத்தில் பதிலை எழுதிக் கண்ணில் படும்படி வைக்கலாம். இருபதாவது முறை பதில் சொல்லாமல் எழுந்து போனால் அது பாவமில்லை.

"செத்துப்போன தாத்தாவை எங்கேன்னு கேக்குதாங்க. பொய் சொல்லலாமா?"

இதில் எங்கள் வீட்டிலேயே சண்டை வந்தது. பொய் சொல்லக் கூடாது என்று பள்ளியில் சொல்லித் தருபவன் என்ற முறையில் நான் முதல் முறை உண்மையைச் சொன்னேன். என் தாய் அன்று இரவு முழுவதும் புதிதாகத் தாலியறுத்தவரைப் போல அழுதார். மறுநாள் காலையில் அது மறந்துபோய், மாலையில் மறுபடியும் கேட்டார். என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவரு சந்தைக்குப் போயிருக்காரு ஆச்சி" என்றாள். அவருக்கு நிம்மதி, எனக்குத்தான் மனது ஒப்பவில்லை.

பின்னர் நாங்கள் கண்டுகொண்ட வழி, கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் கேள்விக்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பற்றிப் பேசுவது. "தாத்தாவை நெனச்சுக்கிட்டீங்களா? சந்தைக்குப் போனா உங்களுக்கு என்ன வாங்கிட்டு வருவாரு?" என்று கேட்டால், கருப்பட்டி மிட்டாயில் தொடங்கி ஒரு கதை வரும், கதையின் முடிவில் கேள்வி கரைந்திருக்கும். எல்லா நாளும் இது பலிக்காது. பலிக்காத நாளில் சந்தைதான். அந்தச் சொல்லால் ஏமாந்து நட்டமடைந்தவர் யாருமில்லை, ஒரு மனிதர் தூங்கினார் என்றால் அதைப் பொய்க் கணக்கில் எழுத இப்போது நான் தயாராக இல்லை. ஆனால் அவர் நம் கண்ணைப் பார்த்து, "உண்மையைச் சொல்லு, அவரு இல்லையா?" என்று தெளிவாகக் கேட்டால், கையைப் பிடித்துக்கொண்டு உண்மையையே சொல்ல வேண்டும்.

"விளக்கு வைக்கிற நேரமானா 'வீட்டுக்குப் போணும்'னு மூட்டை கட்டுதாங்க. இதுதானே அவங்க வீடு?"

பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்நோயில் பரவலாகக் காணப்படுவது. பகல் முழுவதும் ஈடுகொடுத்த களைப்பு, மங்கும் வெளிச்சம், சுவரில் விழும் நிழல், உடலின் நாள் ஒழுங்கு குலைவது எல்லாம் சேர்ந்து அதைச் செய்கின்றன. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவதும், மதியத்துக்குப் பின் காப்பியைக் குறைப்பதும், அந்த நேரத்தில் தொலைக்காட்சித் தொடரின் அழுகையை அணைத்து வைப்பதும் உதவும்.

அவர் கேட்கும் வீடு கதவிலக்கம் உள்ள வீடாக இருக்க வேண்டியதில்லை. பயமில்லாமல் இருந்த ஓர் இடமாகவும் காலமாகவும் இருக்கும். ஆகவே "இதுதான் வீடு" என்று வாதாடுவதில் பயனில்லை. என் மாணவி ஒருத்தி மூட்டையைத் தானே வாங்கிக்கொண்டு, "வாங்க ஆச்சி, போவோம்" என்று தெருமுக்குப் பிள்ளையார் கோயில் வரை கூட்டிச் செல்வாள். விபூதி பூசிவிட்டுத் திரும்பி நடந்து வந்து, "வீடு வந்தாச்சு" என்பாள். ஆச்சியும் படியேறி உள்ளே வந்துவிடுவார்.

"என் பாம்படத்தை நீதான் களவாண்டுட்டேன்னு என்னைச் சொல்லுதாங்க. எல்லார் முன்னாடியும்."

வைத்த இடம் மறந்துபோகிறது; மறந்தோம் என்பதும் மறந்துபோகிறது; ஆகவே பொருள் காணாமல் போனதற்கு மூளை ஒரு காரணம் தேடுகிறது. அருகில் அடிக்கடி இருப்பவர்மீதுதான் பழி விழும். பாசமாகப் பார்த்துக்கொள்பவருக்கே இந்தப் பட்டம் கிடைக்கிறது என்பது இந்நோயின் கொடுமைகளில் ஒன்று. காதில் போடும் அந்தப் பாம்படம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உங்கள் அத்தை கல்யாணத்துக்கு அழிக்கப்பட்டிருக்கலாம்.

"நான் எடுக்கலை" என்று சத்தியம் செய்வதை விட்டுவிட்டு, "ஐயோ, பாம்படமா? வாங்க தேடுவோம்" என்று சேர்ந்து தேடுங்கள். தலையணை உறை, அரிசிப் பானை, பழைய சேலை மடிப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே போகும்போது வேறொரு பொருள் கிடைக்கும். அதைப் பற்றிய பேச்சு தொடங்கும். உங்கள் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வந்திருக்கும் உறவினரிடம், பிள்ளையின் காது கேட்க, "அவன் எடுக்கமாட்டான், இது சீக்கு பண்ணுத வேலை" என்று சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் மௌனமாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாவது பழி.

"அவங்க பக்கத்துல உக்காந்து என்ன பேச? எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்கு."

பேச்சைத் தேடுவதைவிடக் கைக்கு ஒரு வேலையைத் தேடுவது எளிது. எது, எப்போது நடந்தது என்ற நினைவு ஒரு வகை. கை பழகிய வேலை வேறு வகை. இது மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருப்பதால் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

முக்கூடல் பக்கத்து மாணவி ஒருத்தியின் ஆச்சி ஐம்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். சும்மா படுத்திருக்கும்போதும் அவருடைய விரல்கள் எதையோ சுருட்டிக்கொண்டே இருந்தன; நரம்புத் தளர்ச்சி என்று வீட்டார் பயந்தார்கள். அந்தப் பெண் ஒரு நாள் பழைய பீடித்தட்டை எடுத்துத் துடைத்து, தூள் இல்லாமல், வெட்டிய காகிதத் துண்டுகளை மட்டும் அதில் வைத்து ஆச்சியின் மடியில் கொடுத்தாள். ஆச்சி ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. பேத்தி சுற்றியதை வாங்கிப் பார்த்து, "இது கழிவுலதான் போகும்" என்று தள்ளியும் வைத்தார். பல மாதங்களுக்குப் பின் ஆச்சி தன்னைக் கண்டித்ததில் அவளுக்கு அத்தனை மகிழ்ச்சி.

பத்தமடையில் பாய் நெய்தவரானால் கையில் நாலு கோரையைக் கொடுங்கள். பூக்கட்டுவது, முருங்கைக்கீரை உருவுவது, பல்லாங்குழிச் சோழியை அள்ளிப் போடுவது, துணி மடிப்பது எல்லாம் ஆகும்; மடித்தது கோணலாக இருந்தால் அவர் கண் முன்னே திருத்தி மடிக்காதீர்கள். சிறு வயதில் மனப்பாடம் செய்தது இன்னும் ஆழத்தில் இருக்கும்: தேவாரமோ, கோயிலில் பாடிய கீர்த்தனையோ, ஓதிப் பழகிய சூராவோ, முதல் அடியை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் மீதி அவரிடமிருந்து வரும். இலங்கை வானொலியில் கேட்ட பழைய பாட்டுகளுக்கும் இதே சக்தி உண்டு. இன்றைய பாட்டில் ஒன்றை இயர்போனில் போட்டுக் காட்டி, தாத்தா தாளம் போட்டதாக ஒரு பையன் சொன்னான், அதுவும் சரிதான்.

"தாத்தா சொல்லாம கொள்ளாம வெளியே போயிட்டாங்கன்னா?"

முதலில் நீர்நிலை. நம் ஊர்களில் ஆற்றுப் படித்துறையும் வாய்க்காலும் தெருவை ஒட்டியே ஓடுகின்றன. ஆயுள் முழுவதும் ஆற்றில் குளித்தவரின் கால் தானாக அங்கேதான் போகும். ஒருவர் படித்துறைக்கும், ஒருவர் பேருந்து நிறுத்தத்துக்கும், ஒருவர் அவர் முன்பு வேலை பார்த்த இடத்துக்கோ பழைய வீட்டுக்கோ உடனே ஓட வேண்டும். பதினைந்து நிமிடத்தில் கிடைக்காவிட்டால் 112க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள். நாள் கணக்கில் பொறுத்திருக்க வேண்டும் என்பது தவறான எண்ணம்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை: சட்டைப் பைக்குள் தைத்த துணியில் தொலைபேசி எண், உங்கள் கைப்பேசியில் அண்மையில் எடுத்த முழு உருவப் படம், தெருமுனைத் தேநீர்க் கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் விஷயம் தெரிந்திருப்பது. இதை மறைத்து வைக்கும் வீடுகளில்தான் தேடுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குத் தாத்தாவைக் கூட்டிப்போகலாமா என்று கேட்கிறார்கள். கூட்டத்தில் வேண்டாம், தேர் நிலைக்கு வந்த பிறகு ஒரு நாள் காலையில் ரத வீதியில் மெல்ல நடத்திக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

"தாத்தாவுக்குச் சுகர். அல்வா கேட்டு அடம் பிடிக்காங்க."

இனிப்பின்மீது ஆசை கூடுவது இந்நோயில் உண்டு. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இலைத்துண்டில் விரல் நுனியளவு எப்போதாவது கொடுப்பதை நான் தடுக்கமாட்டேன். கவனிக்க வேண்டியது வேறு: விழுங்கும் திறன் குறைந்தவருக்கு, நெய்யும் பிசுபிசுப்புமாக உள்ள அல்வா தொண்டையில் சிக்கிக்கொள்ளும். தண்ணீர் குடிக்கும்போதே புரையேறுகிறவருக்குக் கொடுக்கவே கூடாது. மற்றவருக்கும் நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னத் துண்டாக, அருகில் இருந்து கொடுக்க வேண்டும்.

"கோவத்துல கத்திட்டேன். அவங்களுக்கு மறந்துபோச்சு; எனக்குத்தான் மறக்க மாட்டேங்கு."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது அவருக்கு மறந்திருக்கும். ஆனால் நடந்தது மறந்த பின்னும் அதனால் எழுந்த வருத்தமோ மகிழ்ச்சியோ சிறிது நேரம் தங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே கத்திய பிறகு போய்ச் சற்று நேரம் அருகில் உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்துவிட்டோ ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தோ எழுந்து வாருங்கள். மன்னிப்பை அவர் நினைவில் வைத்துக்கொள்ளமாட்டார். அந்த இதம் தங்கும்.

கோபம் பெரும்பாலும் துக்கம்தான். உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு பாபநாசம் காட்டிய தாத்தா எதிரிலேயே இருக்கிறார், ஆனால் அவர் இல்லை. இறந்திருந்தால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊரே துக்கம் கேட்டிருக்கும், இதற்கு யாரும் வந்து கேட்பதில்லை. தூக்கம் கெட்டு, படிப்பில் மனம் செல்லாமல், வாழவே பிடிக்காததுபோல் இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். எந்த நேரமும் தமிழில், கட்டணமின்றிப் பேசலாம்.

"எனக்குப் பப்ளிக் பரீட்சை. ஆச்சியைப் பாத்துக்கிறது என் பொறுப்புன்னு விட்டுட்டாங்க. மாட்டேன்னு சொன்னா சுயநலமா?"

இந்தப் பதில் பெற்றோருக்கு. என் மகள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, மாலை ஐந்து மணிக்கு நான் தனிவகுப்பு எடுக்கப் போய்விடுவேன். என் மனைவி ஏழு மணிக்குத்தான் வேலை முடிந்து வருவாள். மேலே சொன்ன மூட்டை கட்டும் நேரம் அதுதான். அந்த இரண்டு மணி நேரமும் என் மகள் புத்தகத்தைத் திறந்ததே இல்லை என்பது மதிப்பெண் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்னவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பேரப்பிள்ளையிடம் கேட்கலாம், ஆனால் நேரத்தை வரையறுத்துக் கேட்க வேண்டும்: நாளுக்கு அரை மணி, அதுவும் அவர் தெளிவாக இருக்கும் காலை நேரமானால் இருவருக்கும் நல்லது. மாத்திரை கொடுப்பது, குளிப்பாட்டுவது, இரவுக் காவல் ஆகியவை பெரியவர்களின் பொறுப்பு. அரை மணிக்கு மேல் முடியாது என்று சொல்லும் பிள்ளை சுயநலக்காரப் பிள்ளை இல்லை.

"ஆச்சி பேசுறது சிரிப்பா இருக்கும். ரீல்ஸ் போடலாமா?"

நினைவு நன்றாக இருந்த காலத்தில், கலைந்த தலையோடு வாசலுக்குக்கூட வராத ஆச்சி இதற்குச் சம்மதித்திருப்பாரா என்று மட்டும் பாருங்கள். எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; குரலை மிகுதியாகப் பதிவு செய்யுங்கள். ஊருக்குக் காட்ட வேண்டாம்.

"தாத்தா தொடுற விதம் எனக்குப் பிடிக்கலை. சீக்குன்னு பொறுத்துக்கணுமா?"

பொறுக்க வேண்டியதில்லை. கூச்சத்தையும் கட்டுப்பாட்டையும் காக்கும் மூளைப் பகுதி கெடும்போது சிலரிடம் இது நிகழும். அவர் வேண்டுமென்றே செய்யாமல் இருக்கலாம். அதற்காக நீங்கள் அதைச் சகித்துக்கொண்டு அவருடன் தனியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. எழுந்து வெளியே வந்து, அம்மாவிடமோ நம்பும் ஒரு பெரியவரிடமோ அன்றே சொல்லுங்கள். அவர்கள் நம்பாவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். பெற்றோர் மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதைக் கையாளும் வழிகள் அவர்களிடம் உண்டு.

"பெரியப்பா ஏதோ பத்திரத்துல ஆச்சிகிட்ட ரேகை வாங்குனதைப் பாத்தேன். சின்னப் பிள்ளை நான் என்ன செய்ய?"

பார்த்ததைப் பெற்றோரிடம் தேதியோடு சொல்லுங்கள். அதற்கு மேல் சண்டைக்குப் போக வேண்டாம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் செய்யும் நேரத்தில் ஒருவர் அதைப் புரிந்துகொண்டு, தம் நலனில் அதன் விளைவை எடைபோடக் கூடியவராக இருக்க வேண்டும். நோய் இருக்கிறது என்பதாலேயே எல்லாக் கையெழுத்தும் செல்லாது என்றாகிவிடாது. தொடக்கநிலையில் தெளிவாக உள்ள நேரத்தில் அவர் முடிவெடுக்கலாம். ஐயம் இருந்தால் பெரியவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவியையோ, 14567 என்ற முதியோர் உதவி எண்ணையோ நாடலாம்.

"இது பரம்பரையா? எனக்கும் வருமா?"

பெரும்பாலும் இல்லை. ஒரே மரபணு மாற்றத்தால் தலைமுறைதோறும் இறங்கும் அல்சைமர் மிக அரிது. அது பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். எண்பது வயது ஆச்சிக்கு வந்தது உங்களுக்கும் வந்தே தீரும் என்று பொருளில்லை. வாய்ப்பு சற்றுக் கூடலாம், அவ்வளவுதான். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்கிறது. கல்விக் குறைவு, காது கேளாமை, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, தலைக்காயம், தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. தலைக்கவசம் இல்லாமல் இருசக்கர வண்டி ஓட்டும் பதினாறு வயதினர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

"இப்பல்லாம் பேசவே இல்லை, கண்ணைத் தொறந்து பாக்கிறதும் இல்லை. பக்கத்துல போய் உக்காந்து என்ன ஆகப்போகுது?"

கடைசிக் கட்டத்தில் சொல் போய்விடும். தொடுதலும் பழகிய குரலின் ஒலியும் அதற்குப் பின்னும் எட்டுகின்றன என்பதை, குரல் கேட்டதும் முகம் தளர்வதையும் மூச்சு சீராவதையும் வைத்து அறியலாம். உரக்கப் படிக்க வேண்டிய பாடம் இருந்தால் அங்கே உட்கார்ந்து படியுங்கள். என் மகள் தாவரவியல் முழுவதையும் அப்படித்தான் படித்தாள். கையில் தேங்காய் எண்ணெய் தொட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடலாம்.

என் தாய் கடைசி எட்டு மாதங்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. விடுதியிலிருந்து என் மகள் வரும் சனிக்கிழமைகளில் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொள்வாள். சற்று நேரத்தில் அவருடைய கை ஊர்ந்து வந்து அவள் தலையில் பேன் பார்க்கத் தொடங்கும். அவள் அதற்காகவே பின்னலை அவிழ்த்துவிட்டு வந்து உட்காருவாள்.